வெட்ட வேற என்ன இருக்கு? இங்கிலாந்து ப்ரொபேஷன் தனியாருக்குப் போன கதை

ப்ரொபேஷன்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது புதுசா வேலைக்குச் சேர்ந்து, கன்ஃபர்ம் ஆகுற வரைக்கும் மேனேஜர் மூஞ்சியவே பாத்துட்டு ஓட்டுற அந்த ஆறு மாசமோ ஒரு வருஷமோதான். இது அது இல்ல. கோர்ட்டுல குத்தம் நிரூபணமான ஆளை ஜெயிலுக்கு அனுப்பாம ஒரு ஆபீசரோட கண்காணிப்புல வெளிய விட்டு வைக்கிறது, அப்புறம் ஜெயில்ல இருந்து வெளிய வந்தவனை கொஞ்ச காலம் ஒரு ஆபீசர் கூடவே இருந்து பாத்துக்கறது, ரெண்டும் சேர்ந்ததுதான் இந்த ப்ரொபேஷன். நம்ம நாட்டுலயும் 1958-ல இருந்து இதுக்கு சட்டம் இருக்கு, நன்னடத்தை அலுவலர்னு போஸ்ட்டும் இருக்கு, ஆனா நேர்ல பாத்தவங்க கம்மி. இப்ப சொல்லப்போற கதை இங்கிலாந்து, வேல்ஸ்ல நடந்தது. ஸ்காட்லாந்து இதுல வராது, அங்க 1968 சட்டத்துக்கு அப்புறம் இந்த வேலை கவுன்சில்களோட சோஷியல் வொர்க் பக்கம் போயிடுச்சு, அதனால தப்பிச்சாங்க.

இது எங்க ஆரம்பிச்சுதுன்னு பாத்தா கொஞ்சம் ஆச்சரியமா இருக்கும். 1876-ல ஃப்ரெடரிக் ரெய்னர்னு பிரிண்டிங் தொழில் பண்ண ஒருத்தர், போலீஸ் கோர்ட்டுல குடிச்சிட்டு வந்து நிக்கிறவங்களுக்கு எதாவது பண்ணுங்கன்னு சர்ச் ஆஃப் இங்கிலாந்தோட மதுவிலக்கு சங்கத்துக்கு லெட்டர் போட்டு அதோட 5 ஷில்லிங் நன்கொடையும் வச்சு அனுப்புனாரு. அதுல இருந்துதான் கோர்ட்டுல போய் உக்காந்து ஆளுங்களைப் பேசி அழைச்சிட்டு வர்ற மிஷனரிங்க வந்தாங்க, 1907-ல சட்டமே வந்துச்சு. அந்த சட்டத்துல ஆபீசரோட வேலை என்னன்னு போட்டிருந்தது மூணே மூணு விஷயம்: புத்தி சொல்லு, உதவி பண்ணு, சிநேகமா இரு. இவங்களுக்கு 1912-லயே ஒரு சங்கம் உருவாச்சு, அதுதான் நாப்போ. இன்னைக்கும் ப்ரொபேஷன் ஆபீசர்களோட முக்கியமான யூனியன் அதுதான், யூனிசன், ஜிஎம்பிங்கிற ரெண்டு பெரிய பொது யூனியன்கள்லயும் ஆளுங்க இருக்காங்க.

சிநேகமா இருக்கணும்னா என்ன வேணும்? நேரம் வேணும். ஒரு ஆளை வாரா வாரம் பாத்து, இவன் இன்னைக்கு ஏன் லேட்டா வந்தான், கண்ணு ஏன் சிவந்திருக்கு, வீட்டுல இருக்கானா வெளிய தள்ளிட்டாங்களா, பழைய சகவாசம் திரும்ப ஒட்டிக்கிச்சான்னு கவனிக்கிற வேலை இது. மெஷின் கிடையாது, ஃபேக்டரி கிடையாது, கச்சாப்பொருள் கிடையாது. இந்த சர்வீஸ்ல செலவுன்னு இருக்கிறதுல பெரும்பங்கு சம்பளம்தான். இதை மனசுல வச்சுக்கிட்டா மீதிக் கதை ஈசியா புரியும், ஏன்னா இதை லாபத்துக்கு நடத்தணும்னு ஒருத்தர்கிட்ட குடுத்தா அவரு வெட்டுறதுக்கு அந்த ஆளைத் தவிர வேற எதுவும் அங்க இல்ல. அப்புறம் வேலை வெட்டு வந்தப்ப நிறைய பேர் கம்பெனி பேராசைன்னு திட்டுனாங்க, நான் அப்படிப் பாக்கல, அந்த வெட்டு டெண்டர் போட்ட அன்னைக்கே உள்ள எழுதியிருந்தது.

2014 வரைக்கும் 35 ப்ரொபேஷன் டிரஸ்ட் இருந்துச்சு, ஏரியா ஏரியாவா, எல்லாமே அரசு அமைப்பு. மோசமாவா நடந்துச்சுன்னா இல்ல. நீதி அமைச்சகமே போட்ட மார்க்குல 35-ம் ஒண்ணு நல்லா பண்ணுதுன்னோ இல்ல அதுக்கும் மேலன்னோதான் வந்துச்சு, 2011-ல பிரிட்டிஷ் குவாலிட்டி ஃபவுண்டேஷன் தங்க மெடல் வேற குடுத்திருந்தாங்க. அப்புறம் ஏன் கை வச்சாங்கன்னா, 2012 செப்டம்பர்ல கிறிஸ் கிரேலிங் நீதி அமைச்சரா வந்தாரு.

அவரு சொன்ன காரணம் பொய் இல்ல, அதையும் சொல்லிடணும். ஒரு வருஷத்துக்கும் கம்மியா தண்டனை வாங்கிட்டு வெளிய வர்ற ஆளுங்க, சின்னத் திருட்டு, அடிதடி கேஸு, இவங்களுக்கு அப்ப எந்தக் கண்காணிப்பும் கிடையாது. கைல 46 பவுண்டைத் திணிச்சு கேட்டைத் திறந்து விட்டுடுவாங்க, தங்க இடமும் இருக்காது, கொஞ்ச நாள்லயே திரும்ப உள்ள. மறுபடி மறுபடி குத்தம் பண்றதுல முதல் வரிசை இவங்கதான். இது ஓட்டைதான்னு யூனியன்காரங்களே பல வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க. ஓட்டையை அடைக்க 2014-ல ஒரு சட்டம் வந்துச்சு, கிட்டத்தட்ட 40,000 பேர் புதுசா கண்காணிப்புக்குள்ள வந்தாங்க. ஆனா அதுக்குப் பெருசா எக்ஸ்ட்ரா காசு கிடையாது, வேலையைப் போட்டிக்கு விடுவோம், தனியார் வந்து செலவைக் குறைப்பாங்க, அந்த மிச்சத்துல இதைப் பாத்துக்கலாம்னு கணக்கு போட்டாங்க. பீட்டர்பரோ ஜெயில்ல சின்ன அளவுல ஒரு பரிசோதனை ஓடிட்டு இருந்தது, ஆனா அதுல ஆளுங்க விருப்பப்பட்டுதான் சேர்ந்தாங்க, இது மாதிரி கட்டாயம் இல்ல. ப்ரொபேஷன் டிரஸ்ட்டுகள்ல பைலட் பண்ணிப் பாக்கறதா இருந்ததை கிரேலிங் வந்ததும் நிறுத்திட்டாரு. முதல்ல பண்ணிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு நேரா நாடு முழுக்க. (இவரேதான் பின்னாடி போக்குவரத்து அமைச்சரா இருந்தப்ப ஒரு கப்பல்கூட இல்லாத கம்பெனிக்கு 13.8 மில்லியன் பவுண்டுக்கு கப்பல் கான்ட்ராக்ட் குடுத்தாரு. அப்ப சிரிச்ச ஊரு இதுக்கு சிரிக்கல.)

இதுக்கு பார்லிமென்ட்டுல தனியா ஒரு தனியார்மயச் சட்டம்கூட வரல. லேபர் கவர்மென்ட் 2007-ல போட்ட ஒரு சட்டத்துலயே வெளியாளுக்குக் குடுக்க வழி இருந்துச்சு, அதையே கன்சர்வேட்டிவ் எடுத்து யூஸ் பண்ணிக்கிட்டாங்க. லேபர்காரங்க பின்னாடி இதை எதிர்த்து கத்துனப்ப கதவைத் திறந்து வச்சதே நீங்கதானேன்னு கேட்டாங்க, கேட்டதுல தப்பில்ல.

சரி, எப்படிப் பிரிச்சாங்க? 2014 ஜூன் 1-ல 35 டிரஸ்ட்டையும் கலைச்சாங்க. ரொம்ப ஆபத்தான ஆளுங்களைப் பாத்துக்க தேசிய ப்ரொபேஷன் சர்வீஸ்னு ஒண்ணு, அது அரசுகிட்டயே இருக்கும். ஆபத்து கம்மி, நடுத்தரம்னு முத்திரை குத்துன ஆளுங்களைப் பாத்துக்க 21 கம்பெனி, கம்யூனிட்டி ரீஹேபிலிடேஷன் கம்பெனி, சுருக்கமா சிஆர்சின்னு பேரு, இது ஏலத்துக்கு. ஸ்டாஃபையும் ரெண்டாப் பிரிச்சாங்க, பக்கத்து பக்கத்து டேபிள்ல 10 வருஷம் வேலை பாத்தவங்க ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் இந்தப் பக்கம், சில ஆபீஸ்ல ஒரே கட்டிடத்துல ரெண்டு முதலாளி. பேப்பர்ல இது அழகா இருக்கும். ஆனா ஆபத்துங்கிறது ரத்த குரூப் மாதிரி மாறாத விஷயமா என்ன? நேத்து வரைக்கும் ஒழுங்கா வந்துட்டிருந்தவன் பொண்டாட்டி விட்டுட்டுப் போனதும் குடிக்க ஆரம்பிச்சு ஒரே வாரத்துல ஆபத்தான ஆளா மாறுவான், அந்த நேரத்துல அவனைத் தெரிஞ்ச ஆபீசர்கிட்ட இருந்து பிடுங்கி வேற அமைப்புல இருக்கற முகம் தெரியாத ஆபீசருக்கு ஃபார்ம் போட்டு அனுப்பணும். கைமாத்துற அந்த இடைவெளியில யாராவது சாவாங்கன்னு நாப்போ முதல் நாள்ல இருந்தே சொல்லிட்டு இருந்துச்சு.

ஸ்ட்ரைக்கும் பண்ணாங்க. 2013 நவம்பர் 5 மத்தியானத்துல இருந்து 6 மத்தியானம் வரை ஒண்ணு, அப்புறம் 2014 மார்ச் 31, ஏப்ரல் 1-ல இன்னொண்ணு. அதே சமயத்துல லீகல் எய்ட் பணத்தை, அதாவது வசதி இல்லாதவங்களோட வக்கீல் செலவுக்கு அரசு குடுக்கற காசை வெட்டுனதுக்கு எதிரா வக்கீல்களும் கோர்ட்டுக்குப் போக மாட்டோம்னு நின்னாங்க, கிரேலிங்கை வெறுக்கறதுல எல்லாரும் ஒத்துமை. 2014 கடைசில நாப்போ கோர்ட்டுக்கும் போச்சு, ஆனா வழக்கு தீர்ப்பு வரைக்கும் போகல. நிறுத்த முடியல.

யாரு வாங்குனாங்கங்கறது ஒரு தனிக் கூத்து. இந்த மாதிரி வேலைன்னா வழக்கமா முதல் ஆளா நிக்கிறது அரசு வேலையை கான்ட்ராக்ட் எடுக்கற பெரிய கம்பெனிகளான ஜி4எஸ், செர்கோ ரெண்டும்தான். ஆனா 2013-ல அவங்க ரெண்டு பேரும் கால்ல மாட்டுற எலக்ட்ரானிக் டேக் கான்ட்ராக்ட்டுல செத்துப் போனவங்க பேருக்குக்கூட பில் போட்டு மாட்டிக்கிட்டாங்க, செர்கோ 68.5 மில்லியன் பவுண்டும் ஜி4எஸ் 100 மில்லியனுக்கு மேலயும் திருப்பிக் குடுக்க வேண்டியதாச்சு, அதனால இந்த ஏலத்துல இருந்து விலகிட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்குப் போச்சு. சோடெக்ஸோ, ஆமா கேன்டீன் நடத்துற அந்த பிரெஞ்ச் கம்பெனிதான், அவங்க நாக்ரோங்கிற தொண்டு நிறுவனத்தோட சேர்ந்து 6 ஏரியா எடுத்தாங்க. இன்டர்சர்வ் தலைமையில ஒரு கூட்டணி 5. வொர்க்கிங் லிங்க்ஸ் வேல்ஸையும் தென்மேற்கு இங்கிலாந்தையும் எடுத்துச்சு. லண்டன் எம்டிசிநோவோங்கிற இன்னொரு கூட்டணிக்கு. 2015 பிப்ரவரி 1-ல எல்லாம் கைமாறிடுச்சு. அந்தச் சமயம் ப்ரொபேஷனை இன்ஸ்பெக்ட் பண்ற தலைமை ஆய்வாளரோட மனைவி சோடெக்ஸோவோட ஜெயில்-ப்ரொபேஷன் பிரிவுல நிர்வாக இயக்குநர், விஷயம் பெருசாகி அந்த ஆய்வாளர் ராஜினாமா பண்ணிட்டாரு.

கைமாறி ரெண்டு மாசம் ஆகல, மார்ச் மாசமே சோடெக்ஸோ யூனியன்களைக் கூப்பிட்டு ஆட்குறைப்பு பத்தி சொல்லிடுச்சு. 6 ஏரியாவுலயும் சேத்து கிட்டத்தட்ட 600 வேலை, ஒரு வருஷத்துக்குள்ள. மூணுல ஒரு பங்குக்கும் மேல போகுதுன்னு நாப்போ சொல்லுச்சு. ஆளுக்குப் பதிலா என்னன்னு கேட்டா, ஆபத்து கம்மியான ஆளுங்களுக்கு ஏடிஎம் மாதிரி ஒரு மெஷின் வைப்போம், கைரேகை வச்சு ஆஜர் போட்டுட்டுப் போகலாம்னாங்க. பல ஊர்ல ஆபீஸை மூடிட்டு திறந்த ஹால்ல எல்லாரும் உக்கார்ற மாதிரி புது டிசைன் வேற. அந்த கைரேகை மெஷினுக்கு கண்ணு சிவந்திருக்கறது தெரியாதுன்னு யூனியன்காரங்க சொன்னப்போ பழைய பஞ்சாங்கம்னு சிரிச்சாங்க.

இதுல ஒரு பணத் தகராறு வந்துச்சு, வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு இவங்க காசுக்குத்தான் அடிச்சுக்கறாங்கன்னு தோணிருக்கும். நம்ம ஊர் விஆர்எஸ் மாதிரி அங்கயும் விருப்ப ஓய்வுத் திட்டம் ஒண்ணு யூனியனோட பேசி ஒத்துக்கிட்டிருந்தாங்க, சர்வீஸ் பண்ண ஒவ்வொரு வருஷத்துக்கும் நாலரை வாரச் சம்பளம், அதிகபட்சம் 67.5 வாரம். தனியார் கைக்குப் போன முதல் ஏழு மாசத்துக்கு கட்டாய ஆட்குறைப்பு கூடாதுன்னும் இருந்துச்சு. இந்த ஓய்வுத் தொகைக்குன்னே அரசாங்கம் வரிப்பணத்துல இருந்து மாடர்னைசேஷன் ஃபண்டுன்னு ஒண்ணைக் கம்பெனிகளுக்குக் குடுத்திருந்தது. ஆனா சோடெக்ஸோ ஸ்டாஃபுக்கு நீட்டுன தொகை யூனியன் கணக்குப்படி அதுல பாதிகூட தேறல. அப்ப மீதி வரிப்பணம் யாருக்குன்னு கேட்டா, குடுத்ததைத் திருப்பிக் கேக்குற எண்ணம் இல்லைன்னு அமைச்சகம் சொல்லிடுச்சு. நாப்போ பொதுச்செயலாளர் இயன் லாரன்ஸும் யூனிசனும் மாசக்கணக்கா இதைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்தாங்க. என்னைக் கேட்டா அவங்க இதை விடாம பிடிச்சதுக்கு இன்னொரு அர்த்தமும் இருந்துச்சு. ஆளை அனுப்புறது விலை ஜாஸ்தியான காரியமா இருந்தாத்தான் கம்பெனி கொஞ்சமாவது யோசிக்கும், சல்லிசா முடியும்னா முதல் வேலையா அதைத்தான் செய்யும்.

யூனியன் கையைக் கட்டிப் போட்டதும் இந்தப் பிரிவினைதான். முன்னாடி அமைச்சகத்தோட உக்காந்து ஒரே மேஜையில பேசுனாங்க, இப்ப 21 சிஆர்சி, ஒரு அரசு சர்வீஸ், ஆக 22 மேஜை. பிரிட்டன்ல இன்னொருத்தன் முதலாளிக்கு எதிரா ஆதரவு ஸ்ட்ரைக் பண்றது தாட்சர் காலத்துக் கடைசில, 1990-லயே சட்டவிரோதம் ஆயிடுச்சு, அதனால சோடெக்ஸோ ஆளுங்களுக்காக அதே கட்டிடத்துல இருக்கற அரசு ப்ரொபேஷன் ஆபீசர் வெளிய வந்து நிக்க முடியாது, இத்தனைக்கும் 2014 வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே டிரஸ்ட்டு.

கம்பெனிங்க ஏன் இவ்வளவு அவசரமா வெட்டுனாங்கன்னு பாத்தா அங்கயும் ஒரு கணக்கு இருக்கு. காசு எத்தனை கேஸ் வருதுங்கறதைப் பொறுத்துதான், கூடவே மறுகுத்தம் குறைஞ்சா போனஸ். கேஸ் குறைஞ்சா செலவும் கூடவே குறைஞ்சிடும்னு நினைச்சு கான்ட்ராக்ட் போட்டாங்க, செலவுல வெறும் 20 சதவீதம்தான் நிலையானதுன்னு கணிப்பு. நிஜத்துல அது சராசரி 77 சதவீதம்னு பின்னாடி தேசிய தணிக்கை அலுவலகம் எழுதுனது. கேஸ் குறையவும் செஞ்சது, ஏன்னா கோர்ட்டுக்கு வர்ற குத்தங்கள்ல பாலியல் குத்தம், பெரிய வன்முறைன்னு ஆபத்தான கேஸ் ஜாஸ்தியாகி அதெல்லாம் அரசு பக்கம் போயிடுச்சு. வருமானம் விழுந்துச்சு. விழுந்தா எதை வெட்டறது, மறுபடியும் ஆளைத்தான். வொர்க்கிங் லிங்க்ஸும் அதே பாதைலதான் போச்சு. விருப்ப ஓய்வுன்னு சொன்னா முதல்ல கையைத் தூக்கறது யாரு, 20, 25 வருஷ சர்வீஸ் போட்டவங்க, அவங்களுக்குத்தான் தொகை பெருசா வரும், அவங்களுக்குத்தான் இந்தக் கூத்தைப் பாக்கவும் பிடிக்கல. போனவங்களோட கேஸ் எல்லாம் சேர்ந்தது நேத்து சேர்ந்த பசங்க தலையில.

2015 மார்ச்சுலயே வேல்ஸ்ல போர்த்காவ்ல் பக்கத்துல ஒரு 18 வயசுப் பையனை கண்காணிப்புல இருந்த ஒருத்தன் அடிச்சே கொன்னுட்டான். அவனைப் பாத்துட்டிருந்தது தனியார் கைக்குப் போன வேல்ஸ் சிஆர்சி, அந்த ஆபீசர் அனுபவம் இல்லாதவங்க, கைல தாங்க முடியாத அளவு கேஸ். 2020-ல நடந்த விசாரணையில, அந்த ஆபீசரை மேல இருந்து வழிநடத்துனதே படுமோசம்னு வந்துச்சு. அந்த ஆபீசரை மட்டும் குத்தம் சொல்றது ஈசி, அவங்க மேல அத்தனை கேஸை அடுக்குனது யாருன்னு பாக்கணும். நியாயத்துக்கு இதையும் சொல்லணும், அரசு பக்கத்துலயும் ஆள் பத்தாம வேலை கழுத்தை நெரிச்சுது, அவங்க கண்காணிப்புல இருந்தவங்களும் கொடூரமான குத்தம் பண்ணாங்க.

2016-ல தலைமை ஆய்வாளரா வந்த கிளெனிஸ் ஸ்டேசி ஒவ்வொரு சிஆர்சியா போய்ப் பாத்து எழுதுன ரிப்போர்ட்டுகளைப் படிச்சா வயிறு எரியும். சில இடத்துல ஆளை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு போன் கால், அவ்வளவுதான் கண்காணிப்பு. திறந்த ஹால்ல, நாலு பேர் காதுல விழுற மாதிரி இடத்துல உக்கார வச்சு நீ உன் மனைவியை ஏன் அடிச்சேன்னு கேக்கறது. ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்களுக்கு வீடு, வேலைக்கு வழி பண்றதுதான் இந்த மொத்தத் திட்டத்தோட பெருமையே, அதை 2017-ல ஜெயில் ஆய்வாளரோட சேர்ந்து பாத்துட்டு, நாளைக்கே இதை நிறுத்துனாலும் பெருசா எதுவும் மாறாதுங்கற அர்த்தத்துல எழுதிட்டாங்க. உச்சம் டெவன், கார்ன்வால் பக்கம், வொர்க்கிங் லிங்க்ஸ் ஏரியா. காசு நெருக்கடியில ஸ்டாஃப் ஆளை ஒழுங்கா விசாரிக்காமயே இவன் இந்த கலர், அவன் அந்த கலர்னு ஆபத்து அளவைக் குறிச்சிருக்காங்க. அந்த ரிப்போர்ட் வந்த அதே 2019 பிப்ரவரில கம்பெனி திவாலாயிடுச்சு. அடுத்த மாசமே இன்டர்சர்வும்.

அதே மார்ச்ல தேசிய தணிக்கை அலுவலகம் கணக்கை விரிச்சுது. கான்ட்ராக்ட்டை சீக்கிரம் முடிக்கறது, கம்பெனிங்க விழாம இருக்க எக்ஸ்ட்ரா குடுத்தது எல்லாம் சேத்து முதல்ல போட்ட ஒப்பந்தத்துக்கு மேல குறைஞ்சது 467 மில்லியன் பவுண்ட் போகுது. மறுபடி குத்தம் பண்றவங்க சதவீதம் கொஞ்சம் குறைஞ்சுது, அது உண்மை, ஆனா அப்படிப் பண்றவன் சராசரியா பண்ற குத்தத்தோட எண்ணிக்கை 22 சதவீதம் ஏறிடுச்சு. நிபந்தனையை மீறுனான்னு திரும்ப ஜெயிலுக்கு இழுத்துட்டுப் போறது 47 சதவீதம் ஏறிடுச்சு, அதுல பெரிய பங்கு யாருன்னு பாத்தா, யாருக்காக இந்தத் திட்டமே கொண்டுவந்தோம்னு சொன்னாங்களோ அந்தக் குறைஞ்ச தண்டனைக்காரங்கதான். 46 பவுண்ட் குடுத்து வெளிய விட்டப்போ அவங்க புதுசா குத்தம் பண்ணாத்தான் உள்ள போவாங்க, இப்ப அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரலைன்னாலே உள்ள. ஸ்டேசி போற போக்குல இந்த மாடலே சரிபண்ண முடியாத அளவு கோளாறுன்னு எழுதிட்டுப் போனாங்க. 2019 மே 16-ல அப்போதைய நீதி அமைச்சர் டேவிட் காக், அவரும் கன்சர்வேட்டிவ்தான், ஆளைக் கண்காணிக்கிற வேலை முழுசும் அரசுக்கே திரும்ப வரும்னு அறிவிச்சாரு. அந்த டிசம்பர்ல முதல்ல வேல்ஸ். 2020-ல மிச்சம் தனியாருக்குன்னு வச்சிருந்த துண்டையும் கைவிட்டாங்க. 2021 ஜூன் 26-ல மொத்தமும் ஒரே ப்ரொபேஷன் சர்வீஸ்.

யூனியன் ஜெயிச்சிச்சான்னு கேட்டா எனக்கு அப்படி சொல்ல வரல. 2013-ல அவங்க சொன்னது ஒண்ணு விடாம நடந்துச்சு, ஆனா 2015-ல காப்பாத்த நினைச்ச வேலைகளைக் காப்பாத்த முடியல. சர்வீஸ் அரசுகிட்ட திரும்ப வந்துச்சு, ஆளுங்க வரல. அவங்க எல்லாம் கவுன்சில்ல, தொண்டு நிறுவனத்துல வேலை தேடிக்கிட்டாங்க, சிலர் ரிட்டயர் ஆயிட்டாங்க. இப்ப நாப்போ சண்டை போடறது அரசாங்கத்தோட, வேலைப்பளு, சம்பளம்னு. ஜெயில்ல இடம் இல்லைன்னு 2024 செப்டம்பர்ல இருந்து பல கைதிகளுக்கு தண்டனைல 40 சதவீதம் முடிஞ்சதுமே வெளிய விட ஆரம்பிச்சாங்க, அத்தனை பேரும் வந்து நிக்கறது இவங்க வாசல்லதான். 2025-ல அப்போதைய நீதி அமைச்சர் ஷபானா மஹ்மூத் 2026 மார்ச்சுக்குள்ள 1,300 பேரைப் புதுசா பயிற்சிக்கு எடுக்கறோம்னு சொன்னாங்க. பயிற்சி முடிய 15-ல இருந்து 21 மாசம். அந்தப் பசங்க பக்கத்துல உக்காந்து, இவன் கண்ணைப் பாரு, இன்னைக்கு எதோ சரியில்லன்னு சொல்லிக்குடுக்க வேண்டியவங்கள்ல நிறைய பேரை 2015, 16-லயே வாரத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப் பாத்து வீட்டுக்கு அனுப்பியாச்சு.